முதலில் யந்திரம் நிற்கட்டும்!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் செய்த பிரசங்கம்)



இன்று கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. கூலி வாங்குகிற கையைப் பற்றிப் பேசப் போகிறோம். நமக்கு நிலம் இல்லை, மில் இல்லை, பாங்கியில் பணம் இல்லை. நம்மிடம் உள்ள ஒரே சொத்து இந்த இரண்டு கைகள். இவை உழைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இந்தக் கையை யந்திரம் கவ்விவிட்டால் அந்தக் குடும்பம் பிறகு எப்படிப் பிழைக்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மில் தொழிலாளியையும் வயல் தொழிலாளியையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் யந்திரம் மில் சுவருக்குள்ளே இருந்தது. வயலில் மாடும் மண்வெட்டியும் இருந்தன. இன்று அப்படி இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், கதிரடிக்க மெஷின், மாட்டுக்குத் தட்டு வெட்டக்கூட மெஷின். மில்லில் கையைக் கவ்வும் அதே பல்சக்கரமும் பெல்ட்டும் ஷாப்ட்டும் களத்து மேட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் மில்லில் பெயருக்காவது இருக்கிற சட்டமும் சங்கமும் களத்து மேட்டுக்கு வந்து சேரவில்லை.

"விதி"யும் "கவனக் குறைவும்"

ஒரு விபத்து நடந்தவுடன் இரண்டு குரல்கள் கேட்கின்றன. வீட்டில் பாட்டி அழுதுகொண்டே "எல்லாம் தலைவிதி" என்கிறாள். ஆபீசில் மானேஜர் "தொழிலாளியின் கவனக் குறைவு" என்று எழுதுகிறார். பாட்டியின் சொல்லில் துக்கம் இருக்கிறது. மானேஜரின் எழுத்தில் கணக்கு இருக்கிறது. ஆனால் இரண்டு குரலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: யந்திரத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை!

நாம் கேட்போம். ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறோம். மில்லின் பெயர் வேண்டாம். இது ஒரு மில்லின் கதை மட்டும் அன்று.

தென் ஜில்லாவிலிருந்து வந்து மில் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண். வயது பத்தொன்பது. கார்டிங் பகுதியில் வேலை. இரவு ஷிப்டு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது மெஷினில் பஞ்சு சுற்றிக்கொண்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கதவைத் திறந்தாள். சுற்றிய பஞ்சை எடுக்கக் கையை விட்டாள். வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போனபோது அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, பட்டனை அமுத்திட்டுத்தான் தொறந்தேன்."

அவள் சொன்னது முழு உண்மை. கார்டிங் தோழர்களுக்கு இது தெரியும். உள்ளே இருக்கும் சிலிண்டர் கனத்த இரும்பு உருளை. அதன் மேனி முழுவதும் கம்பிப் பற்கள். மோட்டாரை நிறுத்தினாலும் அது சொந்த வேகத்தில் சில நிமிஷங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்ற பிறகு இரைச்சல் குறைந்துவிடும். அந்த ஓசைக் குறைவை நம்பிக் கைவிட்டால் கை போச்சு. பொத்தானை அழுத்துவது வேறு, யந்திரம் நிற்பது வேறு.

இது முதலாளிக்குத் தெரியாதா? யந்திரம் செய்தவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் சிலிண்டர் முழுவதும் நிற்கும்வரை கதவு திறக்காதபடி ஒரு பூட்டமைப்பு வைக்கிறார்கள். கதவு மூடாதவரை மெஷின் ஓடாதபடியும் செய்கிறார்கள். 1950-ஆம் வருஷத்துச் சென்னைத் தொழிற்சாலை விதிகளிலேயே கார்டிங் மெஷினுக்கு இப்படிப்பட்ட பூட்டு வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது.

அப்படியானால் அந்தக் கதவு எப்படித் திறந்தது? விசாரித்தோம். பூட்டின் சுவிட்ச் கெட்டுப்போய் மாதக்கணக்காயிற்று. பிட்டர் ஸ்டோரில் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஸ்டாக் இல்லை" என்று பதில். மெஷினை நிறுத்திவைக்க மேலதிகாரிகள் சம்மதிக்கவில்லை. சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டு மெஷினை ஓட்டினார்கள். விரல் போன மறுநாள் புது சுவிட்ச் வந்துவிட்டது! அந்தப் பெண்ணுக்கோ "கவனக் குறைவு" என்று மெமோ வந்தது.

இதில் விதி எங்கே இருக்கிறது? ஸ்டோர் ரூமில் இருந்தது, தோழர்களே.

சில ஷில்லிங் கணக்கு

இது புதிய கதையும் அல்ல. அயர்லாந்து நாட்டில் நூற்றைம்பது வருஷங்களுக்கும் முன்னே ஆளி என்ற நார்ச்செடியின் தண்டை நசுக்கி நார் பிரிக்கும் சிறு மில்கள் கிராமந்தோறும் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் யார்? அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் மனைவியரும் பிள்ளைகளும். வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில் மில்லுக்கு வருவார்கள். யந்திரப் பழக்கம் கிடையாது. நார்க்கட்டைக் கையால் உருளைக்குள் தள்ளுவார்கள். கார்க் நகருக்கு அருகே இருந்த ஒரே ஒரு மில்லில் 1852-க்கும் 1856-க்கும் இடையில் 6 பேர் செத்தார்கள். 60 பேர் உறுப்பிழந்தார்கள். இந்த 66 விபத்துக்களில் ஒவ்வொன்றையும் சில ஷில்லிங் செலவில் செய்யக்கூடிய சாதாரணத் தடுப்பினால் தவிர்த்திருக்கலாம். இதை மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அதே காலத்தில் இங்கிலாந்துப் பஞ்சாலை முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அபாயமான யந்திரங்களுக்கு வேலி போடவேண்டும் என்று 1844-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. போட மறுத்தார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் வழக்குப் போட்டார்கள். உடனே 1855-இல் மான்செஸ்டரில் முதலாளிகள் சங்கம் ஒன்று கூடிற்று. குதிரைசக்தி ஒன்றுக்கு 2 ஷில்லிங் வீதம் வசூல் செய்து 50,000 பவுனுக்கு மேல் நிதி சேர்த்தார்கள். எதற்கு? வழக்கில் மாட்டிக்கொண்ட மில்காரர்களின் கோர்ட்டுச் செலவைக் கொடுக்க! வேலிக்கு ஷில்லிங் கிடையாது. வேலியை எதிர்க்க ஷில்லிங் உண்டு. அடுத்த வருஷமே, 1856-இல், பார்லிமெண்டில் அந்த வேலிச் சட்டத்தைத் தளர்த்தவும் செய்துவிட்டார்கள்.

மான்செஸ்டர் கணக்குக்கும் நம் மில் ஸ்டோர் கணக்குக்கும் வித்தியாசம் உண்டா என்று நீங்களே பாருங்கள். சுவிட்சின் விலை பெரிதல்ல. அதைப் போடும்வரை யந்திரம் நிற்கவேண்டுமே, அந்த உற்பத்திதான் முதலாளியை உறுத்துகிறது. அவனுக்கு யந்திரம் நிற்பது நஷ்டம். தொழிலாளியின் விரல் போவது அவன் கணக்கில் வராத நஷ்டம். அதை அவன் கணக்கில் ஏற்றுவதுதான் சங்கத்தின் வேலை.

விரலுக்கு விலைப் பட்டியல்

விரலுக்குச் சர்க்கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 போயிற்று என்று கணக்கு. மூன்று விரலுக்கு 30. கட்டைவிரல் ஒன்றுக்கே 30. நான்கு விரலுக்கு 50. ஒரு கை முழுவதற்கும் 60.

மூன்று விரல் போன அந்தப் பெண்ணுக்கு மீதி நூற்றுக்கு 70 சக்தி இருக்கிறதாம். எந்த மில் அந்த எழுபதை வேலைக்கு எடுக்கிறது? நூல் முடிச்சுப் போட முடியாத கைக்கு எந்த மேஸ்திரி சைடு கொடுக்கிறார்? நஷ்டஈட்டை ஒரு காசு விடாமல் வாங்குவோம், அதற்காகப் போராடுவோம். ஆனால் அது போன விரலைக் கொண்டுவராது. அதனால் போராட்டம் விபத்துக்கு முன்னே தொடங்கவேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தெளிவாகச் சொல்லிற்று. சுழலும் அபாயமான பாகங்களுக்குப் பலமான வேலி போடவேண்டும். அவை ஓடும்போது வேலி அதனதன் இடத்தில் இருக்கவேண்டும் என்றது 21-ஆவது பிரிவு. ஓடும் யந்திரத்தின் அருகே சோதனை வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்று பழக்கப்பட்ட ஆள்தான் செய்யவேண்டும், உடம்போடு ஒட்டிய உடுப்பை நிர்வாகமே கொடுக்கவேண்டும் என்றது 22-ஆவது பிரிவு. போபாலில் 1984-இல் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் சமமாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள்.

இவை ஆகாயத்திலிருந்து விழவில்லை. செத்தவர்களின் பெயரால் வந்தவை.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது. மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்று முன்னே இருந்தது. அதை 20 பேர் என்று உயர்த்திவிட்டார்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் விசைத்தறிக் கூடமும் எண்ணெய் மில்லும் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போய்விட்டன. அங்கே ஓடும் பெல்ட் மட்டும் இளைத்துவிட்டதா? இன்ஸ்பெக்டரின் பெயரோடு "வசதி செய்து கொடுப்பவர்" என்றும் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு வசதி என்று நாம் கேட்கவேண்டும்.

ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அபாயம் நெருங்கியிருக்கிறது என்று தெரிந்தால் நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கும் உரிமை புதிய தொகுப்பிலும் தொழிலாளிக்கு உண்டு. அதை உபயோகிப்போம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றன. சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டாவது மணி நேரத்தில் கண் சொருகும், கை தவறும். வேலை நேரத்தைக் காக்கும் போராட்டமும் விரலைக் காக்கும் போராட்டம்தான்.

களத்து மேட்டில்

இனி விவசாயத் தோழர்களுக்கு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கோதுமை விளைச்சல் பெருகியபோது கதிரடிக்கும் மெஷின்கள் ஊர் ஊராக வந்தன. கூடவே கையிழந்த கூலிக்காரர்களும் பெருகினார்கள். 1983-இல் பார்லிமெண்ட் "அபாயகரமான யந்திரங்கள்" என்றே ஒரு சட்டம் செய்தது. முதலில் அந்தப் பட்டியலில் வைத்தது எதை? கதிரடிக்கும் மெஷினை.

கை ஏன் உள்ளே போகிறது? கதிரைத் தள்ளும் வாய் குட்டையாக இருக்கும். கட்டைத் தள்ளும் கை சுழலும் உருளை வரை எட்டும். ஈரக் கதிர் ஒரே இழுப்பாக உள்ளே போகும்போது பிடித்த கையையும் இழுக்கும். நிற்கும் இடமோ வைக்கோல் போரின் மேல், கால் வழுக்கும். பகல் முழுவதும் அறுத்த ஆள் இரவில் கதிரடிக்கிறான். இதில் கவனம் எத்தனை நேரம் காக்கும்? வாயை மூடியோடு நீளமாகச் செய்தால், கையை முழுக்க நீட்டினாலும் உருளை எட்டாது. ஒரு தகட்டு வேலை. அவ்வளவுதான்.

டிராக்டரின் பின்னால் சுழலுமே ஒரு ஷாப்ட், அதன் சாதாரண வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது. சேலை முந்தானையோ வேட்டி நுனியோ அதில் பட்டால், "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் ஆளே சுற்றப்பட்டுவிடுவார். புது டிராக்டரில் அதற்கு மூடி உண்டு. வாடகை டிராக்டர்களில் அந்த மூடி எங்கே என்று பாருங்கள்; பல இடங்களில் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடையாது என்று மிராசுதார் சொன்னால் நம்பாதீர்கள். டிராக்டரையோ மின்சாரத்தால் ஓடும் யந்திரத்தையோ கொண்டு செய்யும் விவசாய வேலை 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. "நம்ம ஆளு, ஆஸ்பத்திரிச் செலவு பார்த்துட்டேன்" என்பதோடு விஷயம் தீர்ந்துவிடாது. சங்கத்துக்கு வாருங்கள்.

நம்முள் பேசவேண்டியது

ஒரு தோழர் கேட்டார்: "நீங்கள் சொல்வது சரி. ஆனால் சுத்தம் செய்ய மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறைகிறது. எனக்கு ஊக்கத் தொகை போகிறது. மேஸ்திரி முறைக்கிறார். மூடியைக் கழற்றிவிட்டால் வேலை சுருக்காக முடிகிறதே?"

நியாயமான கேள்வி, மறைக்காமல் பதில் சொல்லவேண்டும். மூடியைக் கழற்றும் கை தொழிலாளியின் கைதான். கழற்ற வைப்பது ஊக்கத் தொகை. மேஸ்திரி வாயால் "கழற்று" என்று சொல்லமாட்டார். கழற்றினால்தான் முடியும் அளவுக்கு வேலையைக் கொடுப்பார். கழற்றியதைக் கண்டும் காணாததுபோல் போவார். விபத்து நடந்தவுடன் "வேண்டுமென்றே தடுப்பை அகற்றினான்" என்று எழுதுவார். அப்படி எழுதினால், உயிர் போகாத, முழு ஊனம் ஆகாத காயங்களில் நஷ்டஈட்டை மறுக்க முதலாளிக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஊக்கத் தொகையில் கிடைத்த ரூபாய் எத்தனை, போன விரலின் விலை எத்தனை?

ஆகவே தோழர்களே, மூடியைக் கழற்றி ஓட்டுவது சாமர்த்தியம் என்ற பேச்சு நமக்குள் வேண்டாம். சுத்தம் செய்ய நிறுத்தும் நேரமும் வேலை நேரமே. அதற்கும் முழுக் கூலி, உற்பத்திக் கணக்கில் கழிவு என்பதே நம் கோரிக்கை. ஒருவர் நிறுத்தினால் மெமோ வரும். பகுதியில் உள்ள அனைவரும் நிறுத்தினால் அதுவே வழக்கமாகிவிடும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: நிறுத்து, பூட்டு, பார். நிறுத்தும் பொத்தானோடு விடாதே. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டு. சாவி வேலை செய்பவர் பையில் இருக்கட்டும். "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை தொங்கவிடு. சுழலும் பாகம் முழுவதும் நின்றதைக் கண்ணால் பார். அதன் பிறகே கை.

இரண்டு: மூடி இல்லை, பூட்டு கெட்டது என்றால் எழுதிக் கொடு. தேதி, மெஷின் நம்பர், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. ஒரு நகல் சங்கத்துக்கு. வாயால் சொன்னது விசாரணையில் நிற்காது.

மூன்று: புதிதாக வந்தவரைத் தனியே மெஷினில் விடாதே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்களுக்குத் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையால் என்ன பயன்? அவர்கள் பாஷையிலும் எழுது என்று கேள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அவர்கள் விரலும் விரல்தான்.

நான்கு: கூந்தலை முடிந்து மறை. தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கை, வளையல் யந்திரத்தருகே வேண்டாம். ஒட்டிய உடுப்பை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கு.

ஐந்து: கதிரடிக்கக் கூலி பேசும்போதே மெஷினின் வாயையும் ஷாப்ட் மூடியையும் பார். இல்லையென்றால் "போட்டுக் கொண்டுவா, பிறகு ஏறுகிறோம்" என்று எல்லோருமாகச் சொல். ஓட்டுகிறவர் மெஷின் பக்கத்தை விட்டுப் போகக்கூடாது. குழந்தைகள் அருகில் வரக்கூடாது.

ஆறு: விபத்து நடந்துவிட்டால் முதலில் மெயினை இறக்கு. ரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. விரலை நேராகப் பனிக்கட்டியில் போடாதே. யந்திரத்தை அப்படியே விட்டு வை. மறுநாள் புது சுவிட்ச் போடும் முன்னே சங்கம் அதைப் பார்க்கவேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே.

தோழர்களே! ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் தேதி பாதுகாப்பு தினம் என்று மில் வாசலில் "கவனமாக இரு" என்று பலகை மாட்டுகிறார்கள். கவனமாகத்தான் இருப்போம். ஆனால் எட்டு மணி நேரமும் இமை கொட்டாத மனிதன் பிறக்கவில்லை. மனிதன் அசரும் அந்த ஒரு விநாடியில் காப்பாற்றத்தான் வேலியும் பூட்டும் இருக்கின்றன. நாமும் ஒரு பலகை மாட்டுவோம்: "மூடி இல்லாத யந்திரத்தை ஓட்டமாட்டோம்." அதில் இன்றே எல்லோரும் கையெழுத்திடுவோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு பகுதியிலிருந்தும், ஒவ்வொரு களத்திலிருந்தும், எந்த மெஷினில் எந்த மூடி இல்லை என்ற கணக்கைக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு எல்லோருமாக ஆபீசுக்குப் போவோம்.